ஏர்கான் அங்கிள் என்ற பெயரில் ஒரு புகைப்படக்காரர்

சிங்கப்பூரில் பெரும்பாலான ஜோடிகளுக்குக் கல்யாணப் பேச்சு பிடிஓ விண்ணப்பத்தில்தான், அதாவது இனிமேல்தான் கட்டப்போகும் அரசு அடுக்குமாடி வீட்டுக்குப் பதிவதில்தான், தொடங்குகிறது. இருவர் பெயரையும் போட்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். குலுக்கலில் நல்ல எண் வர வேண்டும். கட்டடம் எழும்ப மூன்று நான்கு வருடம் காத்திருந்து சாவி வாங்கிவிட்டால், அடுத்த 3 மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் கொடுத்தால் போதும். முட்டி போட்டு மோதிரம் நீட்டுவதெல்லாம் இதற்கு நடுவில் எங்காவது வரும். தெங்காவில் எங்கள் புளோக் பாதி மாடி எழும்பியும், நான் என் காதலியிடம் முறையாகக் கேட்காமலே இருந்தேன். கேட்கும்போது அவளுக்குத் தெரியாமல் மறைந்திருந்து படம் எடுக்க ஒரு புகைப்படக்காரரை வைக்கலாம் என்று நினைத்தேன்.

"தெரிஞ்ச பதிலைக் கேக்குறதுக்கு முட்டி வேற, அதைப் படம் எடுக்கக் காசு வேறயா?" என்றார் என் அண்ணன். கேள்வி நியாயம்தான். ஆனால் மறைந்திருந்து படம் எடுக்க ஆள் வைப்பதற்கு முதல் தகுதியே பதில் தெரிந்திருப்பதுதான். பதில் தெரியாத இடத்தில் கேமராவைக் கொண்டுபோய் வைத்தால், எதிரில் நிற்பவர் "யோசிக்கணும்" என்று சொல்வதற்கான சுதந்திரத்தைப் பறித்துவிடுகிறோம். கல்யாணத்துக்குச் சம்மதம் என்பது இருவரும் எப்போதோ பேசி முடித்தது. எந்த நாள், எந்த நேரம் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியக் கூடாது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். கேமராவைக் கண்டாலே ஒதுங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பரிசாக இருக்காது, தண்டனையாகத்தான் இருக்கும். என்னவள் அப்படி இல்லை. தோழிக்கு யாரோ இப்படி ஏற்பாடு செய்த படங்களைக் காட்டி, "பாரேன், அவ முகத்தைப் பாரேன்" என்று சொன்னவள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் நான் இறங்கினேன். அவள் காட்டியது மோதிரத்தை அல்ல, மாப்பிள்ளையையும் அல்ல. அந்தப் பெண்ணின் முகத்தை. பிறகு நான் எடுத்த எல்லா முடிவுக்கும் அதுதான் அளவுகோல்: அவள் முகம் படத்தில் வருமா, வராதா?

புகைப்படக்காரரைத் தேடும்போது விலை எனக்கு ஒரு மணி நேரத்துக்கு 250 சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து 600 வெள்ளி வரை வந்தது. விலையைவிட நான் கவனித்தது வேறு. இன்ஸ்டாகிராமில் எல்லாருடைய படமும் அழகாகத்தான் இருக்கும், ஏனென்றால் பத்து நிகழ்ச்சியிலிருந்து பத்து படத்தை எடுத்துப் போடுகிறார்கள். நான் கேட்டது ஒரே நிகழ்ச்சியின் முழுத் தொகுப்பை. முட்டி போடுவதற்கு முன்னால் எடுத்தது, போட்ட பிறகு எடுத்தது, கட்டிப்பிடித்தது, கண்ணைத் துடைத்தது எல்லாம் வரிசையாக. அதைப் பார்த்தால்தான் அந்த ஆள் முக்கியமான நொடியில் எங்கே நின்றார் என்று தெரியும். கல்யாண மண்டபத்தில் பிரமாதமாகப் படம் எடுக்கும் ஒருவருடைய தொகுப்பில், மோதிரம் நீட்டிய கணம் முழுக்கப் பையனின் முதுகுதான் இருந்தது. மண்டபத்தில் "இன்னொரு தடவை மாலையைப் போடுங்க" என்று சொல்லலாம், இங்கே சொல்ல முடியாது.

நம்மவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: தோல் நிறம். பலர் எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி வண்ணத் திருத்தம் போடுவார்கள். மங்கலான வெளிர் பச்சை, வெளிறிய வானம், பால் போன்ற முகம். அதே திருத்தம் மாநிறத்தின்மேல் விழுந்தால் ஒன்று சாம்பல் பூத்துப் போகும், இல்லை ஆரஞ்சு அடிக்கும். சிலர் நல்லது செய்வதாக நினைத்து முகத்தை வெளுக்கவும் செய்வார்கள். "கறுத்த நிறமுள்ள ஜோடியை மாலை வெளிச்சத்தில் எடுத்த படங்கள் இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டேன். கூச்சப்படவே இல்லை. இரண்டு பேர் பேச்சை மாற்றினார்கள். ஒரு மலாய்ப் பெண்மணி மட்டும் உடனே ஒரு தமிழ்க் குடும்பத்தின் படங்களை அனுப்பி, "நிறத்தை நான் தொட மாட்டேன், வெளிச்சத்தை மட்டும்தான் சரிசெய்வேன்" என்று எழுதினார். அவருக்கே முன்பணம் போனது.

இடத்தை முடிவு செய்ததிலும் அவர் கைதான் ஓங்கியிருந்தது. என் மனத்தில் இருந்தது கரையோரப் பூந்தோட்டங்களின் சூப்பர்ட்ரீ என்னும் ராட்சதச் செயற்கை மரங்கள். இரவு 7:45-க்கு ஒளிக்காட்சி, இசை, எல்லாம் சேர்ந்து சினிமா மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சத்தமில்லாமல் எடுக்க எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட வேண்டும், அது எல்இடி விளக்கடியில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழச் செய்துவிடும். முகத்தில் விழும் நிறமும் நொடிக்கு நொடி மாறும். போதாததற்குத் தரையில் மல்லாந்து படுத்துக் காட்சி பார்க்கிற கூட்டம். ஃபோர்ட் கேனிங் பூங்காவின் சுழல் படிக்கட்டில் படம் எடுக்க வரிசையே நிற்கிறது. முறை வந்ததும் முட்டி போட்டு, பின்னால் நிற்பவர் பொறுமை இழப்பதற்குள் எழுந்துவிட வேண்டும். மரினா அணைக்கட்டின் கூரைப் புல்வெளி நல்ல இடம்தான். ஆனால் பட்டம் விடுகிறவர்களைத் தவிர ஒளிய ஒரு மரம்கூட இல்லை, காற்று வேறு. ட்ரோன் வைக்கலாமா என்று கேட்டு வாயை மூடிக்கொண்டேன். அதன் இரைச்சலே காட்டிக் கொடுத்துவிடும்.

கடைசியில் பூமலை, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம். 1859-இல் தொடங்கிய தோட்டம், 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது, நுழைவுக் கட்டணம் கிடையாது, நள்ளிரவு வரை திறந்திருக்கும். அதிலும் 1930-இல் கட்டிய வெள்ளை நிற எண்கோண பேண்ட்ஸ்டாண்ட் (கூரை போட்ட இசைக்குழு மேடை) இருக்கும் மேடு. அங்கே எந்த நாள் போனாலும் கல்யாண உடையில் ஒரு ஜோடி, பட்டமளிப்பு அங்கியில் ஒரு பட்டாளம், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு ஒரு குடும்பம் என்று யாராவது படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இதைத்தான் அவர் விரும்பினார். புதருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற கேமராக்காரரை எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். கேமரா சாதாரணமாக இருக்கிற இடத்தில் நடுவே நின்றாலும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார். தன் உறவுக்காரப் பெண்ணுக்கு வாடகைப் பட்டமளிப்பு அங்கி மாட்டிக் கூட்டி வருவதாகவும், அவளைப் படம் எடுப்பதுபோல லென்ஸை எங்கள் பக்கம் திருப்பிக்கொள்வதாகவும் சொன்னார். அங்கிக்கும் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துக் கூடுதலாக 60 வெள்ளி. நான் இதில் செலவழித்த மிக நல்ல 60 வெள்ளி அதுதான். அந்தப் பெண் ஒரு ஸ்டாண்டில் கைப்பேசியை வைத்து வீடியோவும் எடுத்துவிட்டாள்.

நேரத்தைப் பொறுத்தவரை சிங்கப்பூரில் வருடம் முழுக்க சூரியன் ஏறக்குறைய 6:45-க்கும் 7:20-க்கும் இடையில் மறைந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் சூரியன் செங்குத்தாக இறங்கும், பொன் வெளிச்சம் சட்டென்று தீர்ந்துபோகும். பெரிய மரங்களுக்கு நடுவில் அது இன்னும் சீக்கிரம். "சூரியன் மறையும்போது கேட்டேன்" என்பது சொல்வதற்கு நன்றாக இருக்கும். படத்துக்கு அதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் கேட்பதுதான் நல்லது. எங்களுக்கு 6:20 என்று குறித்தார். பேண்ட்ஸ்டாண்டுக்கு உள்ளே நிற்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டார். கூரை நிழலில் முகம் இருண்டுவிடும், பின்னால் புல்வெளி வெள்ளையாகப் பற்றி எரியும். மழை வந்தால் மட்டும் உள்ளே. மழை நாட்டில் கூரையுள்ள இடமாகப் பார்த்ததற்கு அவரைத்தான் பாராட்ட வேண்டும்.

எங்கே நிற்பது, எப்படி முட்டி போடுவது என்பதில் அவர் கறாரோ கறார். முந்தைய வாரம் தனியாகப் போய், நிற்க வேண்டிய இடத்தைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து, தரையில் ஒரு கல்லைக் காட்டி அனுப்பினார். அதிலிருந்து நான் கற்றது:

கேமராவுக்கு அவள் முகம் முக்கால்வாசி தெரிய வேண்டும், என் முகம் பக்கவாட்டில் தெரிந்தால் போதும். அதற்கு அவள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள் என்பதை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கையைப் பிடித்து நடந்து வந்து, நான் சுற்றிப் போய் அவளுக்கு எதிரே நின்றால் அவள் தானாகத் திரும்பிவிடுவாள். கேமரா இருக்கும் பக்கத்து முட்டிதான் தரையைத் தொட வேண்டும். மறு முட்டி தொட்டால் தூக்கி நிற்கும் கால் உடம்பையும் கையையும் மறைத்துவிடும். மோதிரப் பெட்டியை நெஞ்சு உயரத்தில் பிடிக்க வேண்டும், மேலே தூக்கினால் அவள் முகத்துக்குக் குறுக்கே வரும். பெட்டி எந்தப் பக்கம் திறக்கும் என்று வீட்டிலேயே பழக வேண்டும். கால்சட்டைப் பையில் கைப்பேசி, சாவிக்கொத்து எதுவும் இருக்கக் கூடாது, அந்தப் புடைப்பு எல்லாப் படத்திலும் வரும். அப்புறம், அவசரப்பட்டு எழுந்துவிடக் கூடாது. "பதில் வந்த பிறகும் மெதுவாகப் பத்து எண்ணுங்கள்" என்றார். பதற்றத்தில் ஆண்கள் எல்லாரும் ஸ்பிரிங் மாதிரி எழுந்துவிடுகிறார்களாம்.

அவள் பக்கத்து ஏற்பாடுகளை அவள் கல்லூரித் தோழி பார்த்துக்கொண்டாள். யாரோ ஒருவருடைய பிறந்தநாள் விருந்து என்று சொல்லி நல்ல உடை உடுத்த வைத்தது, முந்தின நாள் நகப்பூச்சுக்கு இழுத்துக்கொண்டு போனது, மேட்டில் ஏறத் தோதான காலணியைப் போடச் சொன்னது எல்லாம் அவள் வேலை. அந்தத் தோழிக்கு நான் இன்னும் ஒரு சாப்பாடு கடன்.

ரகசியம் கசிவது பெரும்பாலும் கைப்பேசியில்தான். இந்த ஊரில் ஏர்கான் (ஏசி) சர்வீஸ்காரர் எண் இல்லாத கைப்பேசி கிடையாது. ஆகவே புகைப்படக்காரரை "ஏர்கான் அங்கிள்" என்று சேமித்தேன். செய்தியின் முன்னோட்டம் திரையில் வராதபடி நிறுத்தினேன். அப்படியும் ஒரு நாள், "ஏர்கான் அங்கிள் என்ன ஹார்ட் எமோஜி எல்லாம் அனுப்புறாரு?" என்று அவள் கேட்டுவிட்டாள். "கேஸ் டாப்-அப் பண்ணச் சம்மதிச்சேன், அந்தச் சந்தோஷம்" என்றேன். நம்பினாளா என்று இன்றுவரை தெரியாது. அன்று கிளம்பும்போது நாங்கள் போட்டிருந்த உடையைப் படம் எடுத்து அனுப்பினேன், வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தைப் பகிர்ந்தேன். அதன் பிறகு கைப்பேசியைத் தொடவே இல்லை. கையில் இருக்கும் தண்ணீர்ப் புட்டியைக் கீழே வைத்தால் ஆரம்பிக்கப் போகிறேன் என்று சைகை. எதையாவது பார்த்துக்கொண்டே இருக்கிற மாப்பிள்ளையைவிடச் சந்தேகத்தைக் கிளப்புவது வேறெதுவும் இல்லை.

இன்னொரு சின்ன தகவல். பூமலை பெயரிலேயே இருக்கும் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் புக்கிட் தீமா பக்கம் போய் நிற்பீர்கள், தோட்டத்தை நெடுக நடக்க வேண்டும். பேண்ட்ஸ்டாண்டுக்கு நேப்பியர் நிலையம்தான் கிட்ட. வேர்வையில் நனைந்த சட்டையோடு முட்டி போட யாருக்கும் ஆசை இருக்காது.

எல்லாம் திட்டப்படி போனது. ஒன்றைத் தவிர. மேட்டில் ஏறியதும் அங்கி போட்ட பெண்ணைப் பார்த்தவள், என் கையை விட்டுவிட்டு நேராக அவளிடம் போய் "கங்கிராஜுலேஷன்ஸ்! என்ன படிச்சீங்க?" என்று ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் குணமே அதுதான், லிஃப்டில் பார்க்கிறவர்களிடமும் பேசுவாள். அந்தப் பெண் ஒரு நொடி விழித்து "அக்கவுண்டிங்" என்றாள். என்னவள் கணக்காளர். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பேராசிரியர் என்று தொடர்ந்தாள். புகைப்படக்காரர் அசராமல் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "வெளிச்சம் போகுது, வா" என்று அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது என்னவள், "பாவம், டல்லா இருக்கு அந்தப் பொண்ணு. வேலை கிடைக்கலை போல" என்றாள்.

அந்தப் பேச்சில் ஒரு லாபமும் இருந்தது. அதன் பிறகு அவர்கள் இருவரும் அவள் கண்ணுக்கு அறிமுகமான மனிதர்களாகிவிட்டார்கள், எங்களுக்கு இருபது மீட்டர் தள்ளி நின்றும் அவள் ஒரு முறைகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. 70-200 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அந்தத் தூரம் தாராளம். புட்டியைக் கீழே வைத்தேன். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கும் அவளுக்கும்தான், அதை இங்கே எழுதப் போவதில்லை. பத்து எண்ணினேன், அதுவும் உண்மை.

புகைப்படக்காரர் இருப்பதைச் சொல்வதற்கும் ஒரு பதம் இருக்கிறது. உடனே பாய்ந்து வந்து "சிரிங்க" என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்களோடது முன்பே பேசிவைத்தது: நான் கையசைக்கும் வரை அவர் வரக் கூடாது. அந்த இடைவெளியில்தான் அவள் தன் அம்மாவுக்குப் போன் போட்டாள், காதில் கைப்பேசியும் கன்னத்தில் கண்ணீருமாக இருக்கிற அந்தப் படம் அப்படி வந்ததுதான். மோதிரப் படத்தைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். கையசைத்ததும் அக்கவுண்டிங் பட்டதாரி ஓடி வந்து "ஸாரி அக்கா, நான் டென்டல் நர்ஸ்" என்றாள். என்னவள் முதலில் சிரித்தாள், பிறகு முறைத்தாள். "மூக்கு ஒழுக அழுததெல்லாம் எடுத்திருக்காங்களா?" எடுத்திருந்தார்கள். அதற்கும் ஓர் ஏற்பாடு செய்திருந்தேன்: படங்கள் முதலில் அவளுக்கு மட்டுமே போகும், வேண்டாம் என்று அவள் சொல்வதை அழித்துவிட வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறேன் என்று காட்டிய பிறகுதான் முறைப்பு இறங்கியது. தெரியாமல் எடுத்த படத்துக்கு, தெரிந்த பிறகாவது அவள் அனுமதி வேண்டும்.

ஒப்பந்தத்தில் இதைப்போல வேறு சிலவும் இருக்கட்டும். 2021-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பிறகு, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கும் எடுத்தவர்தான் முதல் உரிமையாளர். அவருடைய இன்ஸ்டாகிராமில் எப்போது போடலாம், போடலாமா என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். நம் குடும்பங்களில் இது வெறும் சட்ட விஷயமும் இல்லை. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால், பெரியப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் சேதி போவதற்கு முன்னால், யாரோ ஒரு பக்கத்தில் பெண் மோதிரத்தோடு நிற்கிற படம் வந்துவிட்டால், அந்த வருத்தம் மண்டபம் வரை வரும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வந்தது. நாங்கள் "தட்டு மாற்றிய பிறகு போடுங்கள்" என்று தேதி போட்டே கொடுத்தோம். மழை பெய்தால் வேறு தேதிக்கு மாற்றக் கூடுதல் கட்டணம் உண்டா, நாங்கள் தாமதமாக வந்தால் மணிக்கணக்கு எப்போது தொடங்கும், எத்தனை படம், எத்தனை நாளில் என்பதையும் எழுதி வாங்குங்கள். கேமராவில் இரண்டு மெமரி அட்டைக்கு இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஓர் அட்டை கெட்டால் திரும்ப எடுக்க முடியாத வேலை இது.

அவள் அப்பாவிடம் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். "முறையா வந்து கேட்டா போதாதா தம்பி?" என்றார். "அதுக்கும் வர்றோம் மாமா" என்றேன். படங்களைப் பார்த்த பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த கவுன் போட்ட பொண்ணு யாரு, உங்க சொந்தமா?" என் பாட்டிக்குக் கைப்பேசியைக் காட்டியபோது கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்து, "ஏன்டா, வீட்டுப்பாடம் எழுதலையா, முட்டி போட்டு நிக்கிறே?" என்றார். என்னவள் அதையே தலைப்பாகப் போட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டாள்.

கோப்புகளைப் பலர் சில மாதங்கள் மட்டும்தான் வைத்திருப்பார்கள், பிறகு இணைப்பு வேலை செய்யாது. வந்த அன்றே இறக்கி, கணினியில் ஒரு பிரதி, வெளியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடைய இரண்டாவது பிரதி அவள் அம்மா வீட்டுப் பீரோவில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பென்டிரைவில் இருக்கிறது. அதில் "ஏர்கான்" என்று எழுதி ஒட்டியவள் அவள்தான்.